நண்டுக் கம்பெனி வழக்கும் இராமநாதபுரத்து சட்ட உதவி அலுவலகமும்: நான்கு வருட அனுபவம்

இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு மாடியில், தொழிலாளர் வழக்கு மட்டும் பார்க்கிற சின்ன சட்ட உதவி அலுவலகம் ஒன்று இருக்கிறது. ஒரு வக்கீலம்மா, முன்பு தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு பெரியவர், டைப் அடிக்க ஒரு தம்பி, அவ்வளவுதான் ஆட்கள். நானும் என்னோடு வேலை பார்த்த 22 பெண்களும் 2021-லிருந்து நான்கு வருடம் அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறோம். குறையும் எழுதப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை, தேவைப்படுகிறவர்கள் கேட்டால் வழி சொல்கிறேன். மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் நண்டு, இறால், கருவாடு, உப்பு, பாசி என்று கிலோக் கணக்கில் கூலி வாங்குகிற பெண்களில் ஒருத்திக்காவது உதவட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வேலை நண்டு உடைக்கிற வேலை. அவித்த நீலக்கால் நண்டு பெட்டி பெட்டியாக வரும். எவர்சில்வர் மேசையில் வரிசையாக நின்று, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, பெரிய சதை தனி, உதிரி தனி, கால் சதை தனி என்று எடுத்து வைக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சதையில் ஓட்டுத் துணுக்கு ஒன்று இருந்தாலும் தட்டைத் திருப்பி அனுப்புவார்கள், அதை மறுபடி உட்கார்ந்து பொறுக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. அந்த ஷெட்டில் நான் 11 வருடம் இருந்தேன், என்னை விட மூத்தவர்களும் இருந்தார்கள். சனிக்கிழமை கூலியைக் கையில் கொடுப்பது எங்கள் ஊர் ஏஜெண்ட் அண்ணன்.

2021-ல் பிஎஃப் ஏன் பிடிக்கவில்லை என்று நாங்கள் கேட்டோம். அடுத்த திங்கட்கிழமை எங்களை ஏற்றிப் போகிற வேன் வரவில்லை. பேருந்தில் போய் கேட்டில் நின்றால், "நீங்கள் எங்கள் ஆளே இல்லை, உங்கள் ஏஜெண்டிடம் போய்க் கேளுங்கள்" என்றார்கள். ஏஜெண்ட் வீட்டு வாசலுக்குப் போனால் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் என்னம்மா செய்வேன், எனக்கே அங்கேயிருந்துதான் பணம் வரணும்" என்றார். 11 வருடம் யாரிடம் வேலை பார்த்தோம் என்றே சொல்ல ஆளில்லாமல் நடுத்தெருவில் நின்றோம். கூலி குறைவு என்றால் சண்டை போட எதிரில் ஓர் ஆள் இருப்பார். இங்கே அந்த ஆளே இல்லை என்றார்கள்.

முதல் நாள் அந்த அலுவலகத்துக்கு ஐந்து பேர் போனோம். ஃபீஸ் எவ்வளவு கேட்பார்களோ, எப்படிக் கொடுப்போம் என்ற பயத்தில் உட்கார்ந்திருந்தோம். வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வி, "கத்தி யாருடையது?" என்பதுதான். அப்புறம் ஏப்ரன் யார் கொடுத்தது, தலைவலை யார் கொடுத்தது, ஐஸ் யார் காசு, தராசில் நிறுத்தது யார், எடையை எழுதியது யார், தட்டைத் திருப்பி அனுப்பியது யார், லீவு வேண்டுமென்றால் யாரிடம் சொன்னீர்கள், ஒருத்தியை வேலைக்கு வராதே என்றால் அதைச் சொன்னது யார், ஏஜெண்ட் ஷெட்டுக்குள் வருவாரா என்று இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார், பெரியவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஏஜெண்ட் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இந்தக் கேள்விகளின் அருமை எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

யார் முதலாளி என்பதற்கு நீதிமன்றங்கள் பார்க்கிற அளவுகோல்களே இவை. 2014-ல் ஏர் இந்தியா கேண்டீன் தொழிலாளர்கள் வழக்கில், பல்வந்த் ராய் சலூஜா வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் அவற்றை வரிசையாகச் சொல்லியிருக்கிறது: வேலைக்கு எடுத்தது யார், சம்பளம் கொடுப்பது யார், வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் யாரிடம், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், வேலை தொடர்ந்து நடந்ததா, மேற்பார்வையும் கட்டுப்பாடும் எந்த அளவுக்கு இருந்தது. அந்தத் தொழிலாளர்கள் அதில் தோற்றார்கள் என்பதையும் வக்கீலம்மா மறைக்காமல் சொன்னார். நல்லதை மட்டும் சொல்லி ஆசை காட்டவில்லை, இது எனக்கு மிகவும் பிடித்தது.

எங்களுக்கு நம்பிக்கை வந்தது இன்னொரு வழக்கைச் சொன்னபோதுதான். குஜராத் பக்கம் உப்பளத்தில் அகரியாக்கள் என்று குடும்பம் குடும்பமாக உப்பு விளைவிக்கிறவர்கள். அவர்களே கிணறு தோண்டி, அவர்களே பாத்தி கட்டி, உப்பை மணங்கு என்ற பழைய எடைக் கணக்கில் கொடுத்துக் காசு வாங்கினார்கள். வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டால் அதையும் யாரும் கேட்க மாட்டார்கள். உப்பு சரியில்லை என்று கம்பெனி தள்ளிவிட்டால் அதற்குக் காசும் கிடையாது. "இவர்கள் தொழிலாளிகளே இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள்" என்றது கம்பெனி. தீர்ப்பாயம் இவர்கள் தொழிலாளிகள்தான் என்றது, உயர் நீதிமன்றம் தலையிடவில்லை, 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தாரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு என்று பெயர். எங்களில் ஒருத்தியின் பிறந்த வீடு உப்பளத்துக்குப் பக்கத்தில். "எங்க அப்பா வேலையைச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள். கிலோவுக்குக் கூலி வாங்குவதாலேயே தொழிலாளி இல்லாமல் போய்விட மாட்டோம் என்று எங்களுக்குப் புரிந்தது அப்போதுதான்.

அதே வழக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பது நடந்ததைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி. முதலில் விசாரிக்கிற இடம் சாட்சியத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அந்த முடிவுக்கு ஆதாரமே இல்லை என்றால் தவிர மேல் நீதிமன்றம் ரிட் மனுவில், அதாவது கீழே எடுத்த முடிவு சட்டப்படி சரியா என்று உயர் நீதிமன்றத்தில் கேட்கிற மனுவில், அதைக் கலைக்காது. 1963-லும் சையத் யாகூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ரிட் நீதிமன்றம் அப்பீல் நீதிமன்றம் மாதிரி சாட்சியத்தை மறுபடி எடை போடாது. வக்கீலம்மா இதை எங்களுக்குச் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மதுரை ஹைகோர்ட்டில் போய் ஜெயிச்சுக்கலாம்னு நினைக்காதீங்கம்மா. இங்கே முதல் இடத்திலேயே எல்லாத்தையும் வைக்கணும். இங்கே வைக்காதது அங்கே இல்லை." என்னைக் கேட்டால் இந்த அலுவலகத்தின் பெரிய பலமே இதுதான். பெரிய கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே அசட்டையாக இருந்து தோற்ற வழக்குகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அதனால் முதல் நான்கு மாதம் மனுவை விட ஆதாரம் சேர்ப்பதுதான் வேலையாக இருந்தது. கேட்டில் கொடுத்த டோக்கன், கை கழுவும் பயிற்சிக்குக் கையெழுத்து வாங்கிய தாளை ஒருத்தி போனில் எடுத்திருந்த படம், "நாளைக்கு நண்டு அதிகம், ஆறு மணிக்கே வாங்க" என்று கம்பெனி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள், எல்லாம் சேர்ந்தன. எங்களில் மூத்த அக்கா ஒருவர் தினமும் எத்தனை கிலோ எடுத்தோம் என்று நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். ஆறு வருடத் தாள்கள் அரிசிப் பையில் கிடந்தன. கரப்பான் கடித்திருந்தது, வீட்டில் எரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவர் எரிக்கவில்லை. பெரியவர் ஒரு வாரம் உட்கார்ந்து அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பாலித்தீன் உறையில் போட்டார். காசு வாங்காமல் இப்படி ஒரு வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பிஎஃப் விஷயத்தில் இன்னொன்று சொன்னார்கள். 1952-ஆம் வருடத்து வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில், நிறுவனத்தின் வேலைக்காக ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவரும் ஊழியர் என்ற வரையறைக்குள்தான் வந்தார். அதனால் முதலாளி யார் என்ற சண்டை முடியும் வரை காத்திருக்காமல் அதற்குத் தனியாகப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும், 1970-ஆம் வருடத்துச் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலை யாருக்காக நடக்கிறதோ அந்த நிறுவனம், கொடுத்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் மூன்று தடவை உட்கார்ந்தோம், பேச்சு நகரவில்லை. அதன் பிறகு வழக்கமாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத்தான் போவார்கள். இவர்கள் இன்னொரு வழியை எடுத்தார்கள். அப்போது இருந்த தொழில் தகராறு சட்டம் 10ஏ பிரிவின்படி இரண்டு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் ஒரு நடுவரிடம் தகராறை விட முடிந்தது. ஆளே இல்லை என்கிற கம்பெனி எப்படி ஒத்துக்கொள்ளும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் தொழிலாளர் விஷயத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள் போல, கம்பெனிக்கும் சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது. "இவர்களின் முதலாளி யார்" என்பதையே முதல் கேள்வியாக எழுதி, நாங்கள், கம்பெனி, ஏஜெண்ட் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டோம்.

இங்கே ஒரு நுணுக்கம், இது தெரியாமல் போயிருந்தால் எல்லாமே வீணாகியிருக்கும். அந்த ஒப்பந்தம் அரசிதழில் வெளியாக வேண்டும். வெளியாவதற்கு முன் நடுவர் விசாரணைக்குள் இறங்கக் கூடாது என்று 1989-ல் கர்னால் செருப்புத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று தொந்தரவு செய்தோம். எனக்குக் கோபம்கூட வந்தது, வீட்டில் கஞ்சிக்கு இல்லாத நாட்கள் அவை. வக்கீலம்மா அசையவில்லை. பின்னால் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது முதலில் தேடிய ஓட்டை அதுதான் என்று கேள்விப்பட்டதும் என் கோபத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

விசாரணையில் எனக்கு மறக்காதது ஏஜெண்ட் அண்ணன் சாட்சி சொன்ன நாள். அவரை எதிரியாகக் கிழிக்கப் போகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம், சிலருக்கு அப்படி ஆசையும் இருந்தது. வக்கீலம்மா அவரை மரியாதையாக, "உங்களுக்குச் சொந்தமாக ஒரு தராசு இருந்ததா?" என்று கேட்டார். இல்லை. "இந்தப் பெண்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்று நீங்கள் முடிவு செய்தீர்களா?" இல்லை, கம்பெனி சொல்லும். "கம்பெனியோடு போட்ட இந்த ஒப்பந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்களா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், எழுதாத தாளில்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். தாளில் 23 பேருக்கு முதலாளியாக இருந்த மனிதர், ஓடு போட்ட வீட்டில் கடனோடு இருக்கிறவர், அங்கே நின்று அழுதுவிட்டார். எங்களுக்கும் தாங்கவில்லை.

1978-ல் ஹுசைன்பாய் வழக்கில், அதுவும் கேரளத்துக் கயிறு ஆலையில் இப்படி ஒப்பந்தக்காரர்கள் மூலம் வந்த தொழிலாளிகள் விஷயம்தான், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் சொன்னதன் சாரம் இது: தொழிலாளியின் பிழைப்பும் வேலையும் யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி, நடுவில் ஒப்பந்தக்காரரை நிறுத்தினாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும். 2001-ல் அரசு எஃகு நிறுவனமான செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒப்பந்த முறையைத் தடை செய்ததாலேயே ஒப்பந்தத் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. ஆனால் ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபணமானால் அவர் நேரடித் தொழிலாளிதான் என்ற வாசலைத் திறந்தே வைத்தது. நடுவர் ஷெட்டுக்கே வந்து பார்த்தார். மேசை, தராசு, நுழைவுப் பதிவேடு எல்லாம் பார்த்துவிட்டு, கம்பெனிதான் முதலாளி, எங்களை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும், இடைப்பட்ட காலத்துக்குப் பாதிக் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதினார்.

கம்பெனி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 10ஏ நடுவரின் தீர்ப்பையும் ரிட்டில் கேள்வி கேட்கலாம் என்று 1975-லேயே ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் முடிவாகிவிட்டது, அதனால் போக முடியாது என்று சொல்ல வழியில்லை. மண்டபத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் மதுரை, மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடைப் பேருந்து, உயர் நீதிமன்ற வாசலில் சோதனை, மாலை திரும்பி வர இருட்டிவிடும். ஒன்றரை வருடம். கடைசியில் நீதிமன்றம், யார் முதலாளி என்ற முடிவுக்குச் சாட்சியம் இருக்கிறது, அதை மறுபடி எடை போட மாட்டோம் என்று விட்டுவிட்டது. ஒரு பகுதியில் மட்டும் தலையிட்டது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதல்லவா, அந்த நாட்களில் ஷெட்டில் வேலை குறைவு, அதற்கும் முழு நாள் கணக்குப் போட்டதற்கு நடுவர் காரணம் எழுதவில்லை என்று அந்தக் கணக்கை மட்டும் திருப்பி அனுப்பியது.

அந்த இடத்தில் அலுவலகத்தின் தவறும் இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு நண்டு வந்தது, நாங்கள் வேலைக்குப் போனோம். அக்காவின் நாள்காட்டித் தாளில் ஏப்ரல், மே எடைகள் இருந்தன. அதை நடுவரிடம் தனியாக எடுத்துக்காட்டவில்லை. முதல் இடத்திலேயே வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவர்களே அந்த ஒன்றை விட்டுவிட்டார்கள். கேட்டபோது வக்கீலம்மா ஒத்துக்கொண்டார். பிறகு சமரசமாகக் கணக்கு முடிந்ததில் எங்களுக்குக் கொஞ்சம் குறைந்தது.

இன்னும் சில குறைகள். உயர் நீதிமன்ற அஃபிடவிட் ஆங்கிலத்தில் இருந்தது, முதல் தடவை அவசரத்தில் படித்துச் சொல்லாமலே கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாவது தடவை நான் நின்று, வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டேன், அப்போது பார்த்தால் ஒருத்தியின் வேலைக்காலம் 9 வருடம் என்பது 6 என்று இருந்தது. வாய்தா தள்ளிப் போனதை ரயில் ஏறிய பிறகு சொன்னது மூன்று தடவை. ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. போன் எடுக்க மாட்டார்கள், செய்தி போட்டால் இரவு பதில் வரும். படி செங்குத்தாக இருக்கும், மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சிரமம், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை.

பணம் என்று பார்த்தால், ஃபீஸ் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நகல், தபால், வழிச்செலவு எல்லாவற்றுக்கும் நாங்கள் 23 பேரும் பிரித்துக் கொடுத்தோம், எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே அரசின் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்பதை முதல் நாளே அவர்களாகவே சொன்னார்கள். எங்களிடம்தான் வர வேண்டும் என்று பிடித்து வைக்கவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் வழக்கு பழைய சட்டத்தில் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. வேலையை விட்டு நீக்கினால் வழக்குப் போட முன்பு 3 வருடம் இருந்தது 2 வருடமாகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தும், இப்போது 50 பேர் வேண்டும். எங்களை மாதிரி 23 பேர் உள்ள ஷெட் இனி அந்த விதிகளுக்குள் வராது. அதனால் நாள் கடத்தாமல் போங்கள், போகும்போது கையில் இருக்கிற எல்லாத் தாளையும், டோக்கனையும், போனையும் எடுத்துக்கொண்டு போங்கள். வேலையில் இருக்கும்போதே எழுதி வைக்கத் தொடங்குங்கள்.

எங்களில் 14 பேர் மறுபடி அதே ஷெட்டுக்குப் போகிறோம், கேட் பதிவேட்டில் இப்போது கம்பெனி ஆள் என்று பெயர் இருக்கிறது. ஏஜெண்ட் அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், சில நாள் அவர் வண்டியில்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறேன். வக்கீலம்மா மதுரைக்குப் போகாத நாள் பார்த்துப் போக வேண்டும், செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் பெரும்பாலும் இருப்பார். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அக்காவின் நாள்காட்டித் தாள்களை இன்னும் திருப்பித் தரவில்லை, அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்க வேண்டும்.